காட்டில் எனக்கு எதுவுமே தோன்றவில்லை: ஒரு வாசகியின் கடிதமும் பதிலும்

நாற்பத்தொரு வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறார். வீட்டில் கணவரும் பதினொரு வயது மகளும். காடு, மலை, பறவை என்று எழுதப்பட்ட எதையும் சிறு வயதிலிருந்தே தேடித் தேடிப் படிப்பவர். சங்கப் பாடல்கள் பல மனப்பாடம். குறிஞ்சிப்பாட்டில் வரும் பூக்களை மூச்சுவிடாமல் அடுக்குவாராம். பல வருடமாக ஆசைப்பட்ட மலைக்காட்டுப் பயணம் ஐந்து மாதத்துக்கு முன்பு கைகூடியது. மூன்று நாளும் மழை, அட்டைக்கடி, காயாத துணி. ஒரு விலங்குகூடக் கண்ணில் படவில்லை. "கதையில் காட்டைப் படித்தால் அழுதுவிடுகிற எனக்கு, நிஜக் காட்டில் நின்றபோது எதுவுமே தோன்றவில்லை. எப்போது அறைக்குத் திரும்புவோம் என்றுதான் இருந்தது" என்கிறார். மகளோ ஓர் எறும்பு வரிசையின் பக்கத்தில் அரை மணி நேரம் குந்தியிருந்திருக்கிறாள். திரும்பும் வழியில், விவசாயக் குடும்பத்தில் வளர்ந்த கணவர், "உனக்குக் காடு பிடிக்காது. காட்டைப் பற்றி எழுதினதுதான் பிடிக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தை உள்ளே தைத்துவிட்டது.

அன்றிலிருந்து படிப்பதை நிறுத்திவிட்டார். 'அவளாவது இயற்கையை நேராகப் பார்க்கட்டும்' என்று மகளின் கதைப்புத்தகங்களையும் பெட்டியில் கட்டி மேலே போட்டுவிட்டார். தூக்கம் சரியில்லை. வேலையை விட்டு, சேமிப்பைப் போட்டு ஒரு துண்டு நிலம் வாங்கி அங்கேயே போய் இருந்தால்தான் தன் நேசம் உண்மையாகும் என்று நினைக்கிறார். மூன்று கேள்விகள் கேட்கிறார். என் இயற்கை நேசம் போலியா? மகளைப் புத்தகம், படம் ஆகியவற்றிலிருந்து தள்ளி வைப்பது சரியா? வேலையை விடலாமா? நடுவில் ஒரே வரியில், பயணத்துக்கு மூன்று மாதம் முன்பு தன் அம்மா இறந்ததைச் சொல்கிறார். பின்குறிப்பில், சன்னல் கம்பியில் தினமும் வந்து உட்காரும் வளைந்த அலகுள்ள ஒரு குட்டிப் பறவையைப் பற்றி இரண்டு வரி.

அன்புள்ள தோழி,

உங்கள் கணவர் சொன்ன அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். ஐந்து மாதமாக அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அவர் அதை எந்தத் தொனியில் சொன்னார் என்று கடிதத்தில் இல்லை. களைப்பில் வந்திருக்கலாம், சீண்டலாகவும் இருக்கலாம். நீங்கள் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டீர்கள். காடு ஒரு பக்கம், காட்டைப் பற்றிய எழுத்து இன்னொரு பக்கம். முதலாவது அசல், இரண்டாவது நகல் என்ற எண்ணம் அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது. நீங்களும் அதை ஏற்றுக்கொண்டு, 'அந்தக் காலத்து மனிதர்கள் நடுவில் எதுவும் இல்லாமல் இயற்கையோடு நேராக வாழ்ந்தார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் நான் உங்களோடு மாறுபடுகிறேன்.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், ஒரு குகைச் சுவரில் காட்டுப்பன்றி ஓவியம் ஒன்று இருக்கிறது. அதற்குக் குறைந்தது 45,500 வயது என்று 2021ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். வரைந்தவர்கள் பன்றியைப் பற்றிக் கதையில் கேள்விப்பட்டவர்கள் கிடையாது. அதைத் துரத்தியவர்கள், அதற்குப் பயந்தவர்கள். அவர்களுக்கே அதைச் சுவரில் ஒருமுறை வரைந்து பார்க்க வேண்டியிருந்திருக்கிறது. நடுவில் எதுவும் இல்லாமல் மனிதர்கள் இயற்கையைப் பார்த்த காலம் என்று ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை. ஒரு பாட்டோ, ஒரு கதையோ, ஒரு கோட்டுருவமோ எப்போதும் கூடவே வந்திருக்கிறது.

படித்து வந்த நேசம் போலியா?

இல்லை. இதைத் தயங்காமல் சொல்வேன்.

திமிங்கிலங்களுக்கு நடந்ததைப் பாருங்கள். 20ஆம் நூற்றாண்டின் பாதி கடந்த பிறகும் அவை உலகத்தின் பெரும்பகுதிக்கு எண்ணெயும் இறைச்சியும்தான். பெர்முடா அருகே கடலுக்கடியில் ஒலிகளைப் பதிவுசெய்துவந்த ஃபிராங்க் வாட்லிங்டன் என்ற பொறியாளரிடம் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் குரல் சிக்கியது. அந்தப் பதிவுகளை அவர் ரோஜர் பேன், கேட்டி பேன் என்ற ஆய்வாளர் தம்பதியிடம் கொடுத்தார். திரும்பத் திரும்பக் கேட்டபோது, அடிகள் ஒழுங்காக மீண்டும் வருவது அவர்களுக்குப் புரிந்தது. அதைப் பாட்டு என்றே அழைத்தார்கள். 1970ல் அது இசைத்தட்டாக வந்தது. 1979 ஜனவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் தன் இதழோடு இந்தப் பாட்டின் மெல்லிய இசைத்தட்டு ஒன்றை ஒரு கோடிக்கும் மேலான பிரதிகளில் இணைத்து அனுப்பியது. 1982ல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையம் வணிக வேட்டையை நிறுத்திவைக்க வாக்களித்தது. 1986ல் அது நடைமுறைக்கு வந்தது. பாட்டு மட்டுமே இதைச் செய்துவிடவில்லை. சரிந்துகொண்டே போன எண்ணிக்கை, போராட்டங்கள், அரசுகளுக்கு இடையே நடந்த பேரம் எல்லாம் சேர்ந்துதான் செய்தன. ஆனாலும் அந்த ஒலியைக் கேட்டுக் கண்கலங்கியவர்களில் பெரும்பாலோர் ஒரு திமிங்கிலத்தைக்கூட நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்டவர்கள் அவர்கள். அவர்கள் நேசம் போலி என்று உங்களால் சொல்ல முடியுமா?

இன்னொன்றும் உண்டு. மலை அழகாக இருக்கிறது என்பதே எல்லாருக்கும் பிறவியில் வந்த எண்ணம் இல்லை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர்கள் பலர் மலைகளைப் பூமியின் முகத்தில் வந்த மரு, கொப்புளம் என்றெல்லாம் எழுதினார்கள். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் அதே மொழியில் கவிஞர்கள் மலைமுன் மெய்மறந்து நின்றார்கள். மலைகள் மாறவில்லை. பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள் மாறினார்கள். உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவை புத்தகங்கள், அவ்வளவுதான்.

சரி, அந்தப் பூப்பட்டியல். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களையும் சொல்லத் தெரியும், அவற்றில் ஐந்தைக்கூட அடையாளம் காட்டத் தெரியாது என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். வெட்கம் வேண்டாம். அனிச்சம் எந்தச் செடியின் பூ என்பதில் அறிஞர்களுக்கே இன்றுவரை ஒரே கருத்து இல்லை. மோந்தால் வாடிவிடும் என்று குறள் சொல்வதை வைத்து நாம் எல்லோரும் அதைத் தெரிந்த பூவாகவே நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கும் 'ஆம்பல்' பள்ளிப் பாடத்தில் வெறும் சொல்லாகத்தான் வந்தது. தினமும் குளத்தில் பார்த்துக்கொண்டிருந்த அல்லிதான் அது என்று தெரிய எனக்குப் பல வருடம் ஆனது. தெரிந்த அன்று அந்தக் குளக்கரையில் நான் நின்ற நேரம் கொஞ்சம் கூடிப்போனது. உங்களிடம் 99 சொற்கள் பூவுக்காகக் காத்திருக்கின்றன. ஒரு சொல்கூட இல்லாமல் காட்டுக்குப் போகிறவரைவிட நீங்கள் ஏழை இல்லை.

அப்படியானால் அங்கே ஏன் எதுவும் தோன்றவில்லை?

இங்கே புத்தகங்கள் மீதும் படங்கள் மீதும் கொஞ்சம் பழி இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

கலை நேரத்தைச் சுருக்குகிறது. ஒரு நாவலாசிரியர் பத்து வருடம் நடந்த காட்டை முந்நூறு பக்கத்தில் தருகிறார். ஆவணப்பட ஒளிப்பதிவாளர் வாரக்கணக்கில் மறைவிடத்தில் உட்கார்ந்து எடுத்தது நமக்கு நாலு நிமிடம். சில சமயம் சுருக்கம் பொய்யாகவும் போய்விடுகிறது. 1958ல் வந்த 'ஒயிட் வில்டர்னஸ்' என்ற இயற்கைப் படத்தில், லெம்மிங் என்னும் எலி போன்ற சிற்றுயிர்கள் கூட்டமாகப் பாறை விளிம்பிலிருந்து குதித்துச் சாவதாகக் காட்டினார்கள். கனடாவில் வேறிடத்திலிருந்து கொண்டுவந்த லெம்மிங்குகளைப் படக்குழுவே விளிம்பிலிருந்து தள்ளியது என்பது 1982ல் ஒரு கனடியத் தொலைக்காட்சி விசாரணையில் வெளிவந்தது. அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது. லெம்மிங் தற்கொலை செய்துகொள்ளும் என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இப்படிச் செறிவூட்டிய காட்சிகளில் வருடக்கணக்காகப் பழகிய கண்ணுக்கு, மூன்று நாள் மழையும் ஈர இலையும் 'எதுவும் நடக்காத' நாட்களாகத்தான் தெரியும். அங்கே ஏராளமாக நடந்துகொண்டிருந்தது. நடந்த வேகம் வேறு. உங்கள் மகள் எறும்பு வரிசையில் பிடித்தது அந்த வேகத்தைத்தான்.

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் 'கிளாட் கண்ணாடி' என்று ஒன்று புழக்கத்தில் இருந்தது. லேசாகப் புடைத்த, கருஞ்சாயல் கொண்ட கைக்கண்ணாடி. நல்ல காட்சி வரும் இடத்தில் பயணி அதற்கு முதுகு காட்டி நின்று, கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்ப்பார். முந்தைய நூற்றாண்டு ஓவியர் கிளாட் லொரேனின் படம் மாதிரி அது தெரியும். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் அழகைத் தேடித்தான் அவ்வளவு தூரம் போனார்கள். ஆனால் தேடிப்போன அழகு எப்படி இருக்கும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தது. நீங்களும், படித்தபோது வந்த அழுகை அங்கேயும் வருகிறதா என்று உள்ளுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த நேரத்தில் காட்டைப் பார்க்க ஆளில்லை.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீங்கள் சங்கப் பாடல் படித்தவர் என்பதால் அந்த வழியிலேயே சொல்கிறேன். தொல்காப்பியம் ஒரு திணையை எப்படிக் கட்டுகிறது? நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், பறவை, விலங்கு, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்பவை உரிப்பொருள். மூன்றும் சேர்ந்தால்தான் திணை. முல்லை நிலத்து மாலையில் ஒருத்தி காத்திருக்கிறாள். பாலையின் வெயிலில் ஒருவன் பிரிந்து போகிறான். அந்தப் பாடல்களில் காடு வெறும் காட்சியாக நிற்பதில்லை; யாரோ ஒருவருக்காக ஒருவர் அங்கே நின்றுகொண்டிருக்கிறார். பாலை என்ற நிலத்தையே சிலப்பதிகாரம் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்த வடிவம் என்கிறது. நிலத்துக்கும் துயரம் வரும் என்று எழுதியவர்கள் அவர்கள்.

இப்படிப் பழகிய மனசு, ஆளில்லாத ஒரு காட்சியின் முன் நின்று 'உணர்ச்சி வா' என்றால் வராது. அந்த மூன்று நாளும் உங்களுக்கு யாருக்காகக் காத்திருக்கத் தோன்றியது என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரே வரியில் நீங்கள் கடந்துபோனது

"அதற்கு மூன்று மாதம் முன்புதான் அம்மா போனாள்" என்று எழுதிவிட்டு உடனே பேருந்து நேரத்துக்குப் போய்விட்டீர்கள். ஆனால் கடிதத்தின் முதல் பக்கத்தில் வேறொன்று இருக்கிறது. பாடல்களை உங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அம்மாதான். கொல்லைப்புற மரத்தைக் காட்டிக்கொண்டே சொல்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

உங்களுக்கு இலக்கியமும் மரமும் அம்மாவின் குரலும் ஒன்றாகவே வந்து சேர்ந்தவை. அந்தக் குரல் நின்ற மூன்றாவது மாதம், அவர் பாடல்களில் சொல்லிக்கொடுத்த காட்டுக்கு அவர் இல்லாமல் முதல் தடவையாகப் போனீர்கள். எதுவும் தோன்றவில்லை என்கிறீர்கள். இழப்புக்குப் பிறகு மனசு மரத்துப்போவது சாதாரணமாக நடப்பது. அது நேசம் இல்லாததன் அடையாளம் ஆகாது. பிடித்த பாட்டு, பிடித்த நிறம், பிடித்த ஆட்கள் எதுவுமே உள்ளே இறங்காத காலம் ஒன்று வரும். நீங்கள் புத்தகங்களைக் கட்டி வைத்ததிலும் இது கொஞ்சம் இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். கணவரின் வார்த்தை ஒரு காரணம். பக்கத்தைத் திறந்தால் அம்மாவின் குரல் கேட்கும் என்ற பயம் இன்னொரு காரணமாக இருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கும் மேலாக நாளின் பெரும்பகுதி மனசு தாழ்ந்தே இருப்பது, முன்பு பிடித்தது எதிலும் நாட்டம் இல்லாதது, தூக்கமும் பசியும் மாறிப்போவது, இவற்றோடு வேலையோ வீடோ கையை விட்டுப் போகிறது என்ற நிலை இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். குணப்படுத்தக்கூடியது. உங்கள் கடிதத்தில் தூக்கமின்மையும் நாட்டமின்மையும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ நேரில் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். கடிதத்தை வைத்து நான் நோயைத் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது.

மகளின் புத்தகப் பெட்டி

அதை இன்றே இறக்கிவிடுங்கள். உங்கள் மூன்று கேள்விகளில் இதற்குத்தான் நான் கொஞ்சம் கடுமையாகப் பதில் சொல்வேன்.

ஒன்று, அவை அவளுடையவை. பதினொரு வயதுப் பெண்ணுக்கு எதைப் படிக்கலாம் என்று வழிகாட்ட உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் மனக்குறைக்கு மருந்தாக அவள் புத்தகத்தைப் பறிப்பது அந்த உரிமைக்குள் வராது. அவளிடம் காரணமாவது சொன்னீர்களா? 'அம்மாவுக்கு ஒரு வருத்தம் இருந்தது, அதனால் செய்துவிட்டேன்' என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள். பிள்ளைகள் இதைப் புரிந்துகொள்வார்கள்.

இரண்டு, அந்தக் கணக்கே தவறு. கதைகள் போனால் காடு அந்த இடத்துக்கு வரும் என்று நினைக்கிறீர்கள். அப்படி நடப்பதில்லை. 2002ல் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். எட்டு வயதுக்காரர்கள் போக்கிமான் என்ற வீடியோ விளையாட்டின் கற்பனை உயிர்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தைச் சரியாகச் சொன்னார்கள். பக்கத்தில் வாழும் செடி, பூச்சி, விலங்குகளில் பாதியைக்கூடச் சொல்ல முடியவில்லை. இதைக் கேட்டு வருத்தப்படுகிறவர்களோடு நானும் சேர்ந்துகொள்வேன். ஆனால் அதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. நூற்றுக்கணக்கான உயிர்களின் பெயரையும் குணத்தையும் நினைவில் வைக்கும் திறன் பிள்ளைகளிடம் அப்படியே இருக்கிறது. கதையோடு வந்தால் அது விழித்துக்கொள்கிறது. போக்கிமானை உருவாக்கிய சடோஷி தஜிரி சிறு வயதில் பூச்சி சேகரித்தவர். அந்த விளையாட்டே அந்த ஆசையிலிருந்து பிறந்ததுதான்.

2007ல் பிள்ளைகளுக்கான ஓர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் மீன்கொத்தி போன்ற பறவைகள், காட்டுப்பூக்கள் சிலவற்றின் பெயர்களை எடுத்துவிட்டுக் கணினிக் காலத்துச் சொற்களைச் சேர்த்தார்கள். பின்னாளில் எழுத்தாளர்கள் பலர் சேர்ந்து எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். 2017ல் எழுத்தாளர் ராபர்ட் மேக்ஃபார்லேனும் ஓவியர் ஜாக்கி மோரிஸும் அப்படி மங்கிவரும் சொற்களுக்காகவே, மந்திரம் மாதிரி வாய்விட்டுச் சொல்லும் பாடல்களும் பெரிய ஓவியங்களுமாக ஒரு புத்தகம் செய்தார்கள். அதே வருடம் வந்த ஓர் ஆய்வு, ஆங்கிலப் புனைகதைகளிலும் பாட்டுகளிலும் திரைப்படக் கதைகளிலும் இயற்கை பற்றிய சொற்கள் 1950களிலிருந்து குறைந்துவருவதாகக் காட்டியது. ஏற்கெனவே மெலிந்துவரும் ஓடை இது. உங்கள் வீட்டில் அதற்கு அணை போடாதீர்கள்.

எல்லாக் கதையும் நல்லது என்று சொல்ல வரவில்லை. பீட்டர் பெஞ்ச்லி 1974ல் எழுதிய 'ஜாஸ்' நாவலும் அடுத்த வருடம் வந்த அதன் படமும் சுறாவைப் பழிவாங்கும் கொலைகார மீனாகப் பல கோடிப் பேர் மனசில் பதித்தன. பெஞ்ச்லி பின்னாளில் அதற்காக வருந்தினார். வாழ்வின் கடைசி ஆண்டுகளைச் சுறாக்களைக் காப்பதற்காகப் பேசுவதிலும் எழுதுவதிலும் செலவழித்தார். அழகான படங்களாலும் தீங்கு வரும். 1871ல் தாமஸ் மோரன் வரைந்த ஓவியங்களும் வில்லியம் ஹென்றி ஜாக்சனின் புகைப்படங்களும் அமெரிக்க நாடாளுமன்றத்தை அசைத்தன. 1872ல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஆனது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தும் வந்துபோயும் இருந்த பழங்குடி மக்கள், 'மனிதர் தொடாத நிலம்' என்ற அந்தக் கற்பனையில் இடமில்லாமல் வெளியேற்றப்பட்டார்கள். உங்கள் மகள் வளர வளர இதையும் அவளோடு பேசுங்கள்: இந்தப் படத்தில் யாரைக் காணோம்? இந்த விலங்கு நிஜமாகவே இப்படிச் செய்யுமா? புத்தகத்தை ஒளித்து வைப்பதைவிட இந்த இரண்டு கேள்விகள் அவளுக்கு அதிகம் உதவும்.

வேலையும் நிலமும்

வேலையை இப்போது விடாதீர்கள். எப்போதும் விடக்கூடாது என்று சொல்லவில்லை.

இழப்புக்குப் பிறகு முதல் வருடத்தில், திருப்பி எடுக்க முடியாத பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடுங்கள் என்று என்னிடம் வரும் எல்லோரிடமும் சொல்வேன். நீங்கள் எடுக்க நினைப்பது ஒரே மூச்சில் மூன்று: சம்பளம், சேமிப்பு, வசிக்கும் இடம். மகளின் பள்ளி, தோழிகள் எல்லாம் அதோடு போகும். சேமிப்பில் கணவரின் பங்கு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. இருவருடையது என்றால் முடிவும் இருவருடையதுதான். அவர் கையெழுத்துப் போடுவது மட்டும் சம்மதம் ஆகிவிடாது.

அப்புறம், இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். குளக்கரைக் குடிலில் தனியாக வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் தோரோவைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவர் 1845 ஜூலையில் வால்டன் குளத்துக்குப் போனார். அங்கே இருந்தது இரண்டு வருடம், இரண்டு மாதம், இரண்டு நாள். இடம் நண்பர் எமர்சனுடையது. ஊர் நடந்துபோகும் தூரத்தில் இருந்தது, அடிக்கடி போய்வந்தார். அதன் பிறகு ஏழு வருடம் திருத்தித் திருத்தி 1854ல் புத்தகம் வந்தது. அவரை நான் மிகவும் மதிக்கிறேன். அவர் செய்தது ஒரு சோதனை. திரும்பும் வழியை அடைத்துவிட்டுப் போன பயணம் இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். இன்னும் பழைய காலத்துக்குப் போனால், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆடு மேய்ப்பவர்களின் இனிய வாழ்க்கையைப் பாடிய கிரேக்கக் கவிஞர் தியோக்ரிட்டஸின் கவிதையில் அலெக்சாந்திரியா போன்ற பெருநகரத்தின் வாசமும் கலந்திருக்கிறது. நாட்டுப்புறக் கனவு பெரும்பாலும் நகரத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் அது பொய் ஆகிவிடாது. ஆனால் நிலம் என்பது தினசரி வேலை, தண்ணீர்க் கவலை, பூச்சி, கடன், முதுகுவலி என்பதும் சேர்ந்தது.

அதைச் சொல்லித்தர உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். அவர் வாக்கியத்தோடு ஐந்து மாதம் சண்டை போட்டீர்கள்; அவரோடு பேசினீர்களா? வளர்ந்த நிலத்தைப் பற்றி அவருக்கு என்னவெல்லாம் நினைவிருக்கிறது, எதை வெறுத்தார், எந்த மரத்தடியில் படுத்தார், ஏன் அங்கிருந்து வந்தார் என்று ஒரு மாலை முழுக்கக் கேளுங்கள். கேட்டால் அவரிடமும் கதை இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் கண்ணுக்குக் காடு என்பது வேலை செய்த இடத்தின் நீட்சி. உங்களுக்குப் பாட்டின் நீட்சி. அவர் சொன்னது உங்களைக் காயப்படுத்தியது என்பதையும் அதே மாலையில் சொல்லிவிடுங்கள்.

நிலத்து ஆசை ஒரு வருடம் கழித்தும் அப்படியே இருந்தால், சின்னதாகத் தொடங்குங்கள். வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அலுவலகத்தில் சம்பளமில்லா விடுப்பு உண்டா என்று கேளுங்கள். மழைக்காலம் ஒன்று, வெயில்காலம் ஒன்று என இரண்டிலும் சில வாரம் தங்கிப் பாருங்கள். அட்டைக்கடி பிடிக்காது என்றால் பிடிக்காது. அதற்காக யாரிடமும் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இதற்கிடையில் செய்ய ஒன்று சொல்கிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருநாள், கால் மணி நேரம், மகளோடு அதன் அடியில் உட்காருங்கள். என்ன இலை விழுந்திருக்கிறது, எந்தக் கிளையில் யார் இருக்கிறார்கள் என்று அவள் படம் வரையட்டும், நீங்கள் மூன்று வரி எழுதுங்கள். உணர்ச்சி வருகிறதா என்று சோதிக்க வேண்டாம். அம்மா காட்டிய அந்தக் கொல்லைப்புற மரம் இன்னும் இருந்து, போக முடியும் என்றால், ஒருமுறை அங்கேயும் போங்கள். அவர் சொல்லிக்கொடுத்த பாடல் ஒன்றை அங்கே மகளுக்குச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள்.

அந்தக் குட்டிப் பறவை. வளைந்த அலகு, விரல் நீளம், ஒரு நொடி நிற்காத வால் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. ஆனால் பெயரை நான் சொல்லப்போவதில்லை. மகளின் பெட்டியை இறக்கும்போது அதில் பறவைப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நூலகத்தில் கிடைக்கும். எத்தனை மணிக்கு வருகிறது, எந்தப் பூவுக்குப் போகிறது, தனியாக வருகிறதா, ஜோடியாக வருகிறதா என்று இரண்டு பேரும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். அடுத்த கடிதத்தில் பெயரை அவள் கையெழுத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.